சொல்லைக் காக்கிறோம், கையெழுத்தும் இடுவோம்



1962 செப்டம்பரில், 83 வயதில், ராஜாஜி வாஷிங்டனுக்குப் போனார். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்டார். அதற்கும் முன்பே அந்தக் குரலை எழுப்பியவர் நேரு. 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல், கடலில் இருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகில் கொட்டி, 23 பேரை நோயில் தள்ளியது. அடுத்த மாதமே நம் நாடாளுமன்றத்தில் அவர் சோதனை நிறுத்தத்தைக் கோரினார். அரசியலில் எதிரெதிராக நின்ற இருவரும் இதில் ஒன்றாக நின்றார்கள்.

அப்படிப்பட்ட நாடு, 1996இல் வந்த முழுமையான அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. குண்டு வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட நாள் குறிக்கவில்லை என்பது அன்று நாம் சொன்ன காரணம். அந்தக் கோபம் நியாயமானது, இன்றும்தான். ஆனால் குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்றால்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வரும். அவற்றுள் கையெழுத்தே போடாதவை மூன்று: வடகொரியா, பாகிஸ்தான், இந்தியா. இந்த வரிசையில் நம் பெயரைப் படிக்க எங்களுக்கு வலிக்கிறது.

1998இல் பொக்ரானில் நடத்திய அணுச் சோதனைகளுக்குப் பிறகு இனிச் சோதனை இல்லை என்று அறிவித்தோம். எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தச் சொல்லைக் காத்துவருகிறோம். ஆனால் அது நாமாகச் சொன்ன சொல். ஒரே அறிவிப்பில் அதை மாற்றிவிடலாம்.

பக்கத்தில் சீனா இருக்கும்போது நாம் கையைக் கட்டிக்கொள்வதா என்று கேட்பீர்கள். இருக்கும் ஆயுதம் எதையும் ஒப்படைக்கும்படி இந்த உடன்படிக்கை கேட்கவில்லை, வெடித்துப் பார்ப்பதைத்தான் தடுக்கிறது. சீனா நாற்பதுக்கு மேற்பட்ட சோதனைகளை முடித்துவிட்ட நாடு. நாளை எல்லோரும் மீண்டும் வெடிக்கத் தொடங்கினால் நமக்கென்ன பாதுகாப்பு கூடும்? ஒளித்துச் செய்வார்களே என்ற பயமும் வேண்டாம். 2006 முதல் 2017 வரை வடகொரியா நிலத்தடியில் நடத்திய ஆறு சோதனைகளையும் இந்த உடன்படிக்கையின் கண்காணிப்பு நிலையங்கள் பதிவுசெய்தன.

2023இல் ரஷ்யா இந்த உடன்படிக்கைக்குத் தான் தந்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. இருக்கும் வேலியும் சரிகிறது. அதனால்தான் இப்போது உங்களிடம் வருகிறோம்.

உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு தபால் கார்டு எழுதுங்கள். அவர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். “சோதனைத் தடை உடன்படிக்கையில் இந்தியா எப்போது கையெழுத்திடும் என்று அவையில் கேளுங்கள்” என்ற ஒரு வரி போதும். ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளுக்கு முன் அது அவர் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அணுச் சோதனைக்கு எதிரான குடிமக்கள்