பயம் குடியிருக்கும் வீட்டில் நலம் தங்காது



இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் நம் பிரசங்க பீடங்களில் கண்டனமாகப் பலமுறை ஒலித்திருக்கிறது. அக்கறையாக ஒலித்தது அரிது. ஆண்கள்மேல் ஈர்ப்புள்ள ஆண்களும், ஆண் பெண் இருபாலர்மேலும் ஈர்ப்புள்ள ஆண்களும் நம் நடுவில் வாழ்கிறார்கள். தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று இன்றைய தமிழ் இவற்றைக் குறிப்பிடுகிறது. இவர்களைத் திருநங்கையரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் உண்டு. இவர்கள் தங்களை ஆண்களாகவே உணர்கிறவர்கள்; பாடகர் குழுவில் பாடுகிறவர்கள்; ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர்கள். பலர் தங்கள் உள்ளத்தில் இருப்பதை எவரிடமும் சொன்னதில்லை.

இவர்களுடைய உடலும் மனமும் நலிவதற்கு இவர்களுடைய ஈர்ப்பே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். இவர்களைச் சூழ்ந்திருக்கும் பயமும் வெட்கமும் பொய்யுமே பெருங்காரணம் என்பது என் கருத்து. அந்தப் பயத்தை உண்டாக்குவதில் குடும்பத்துக்கும் சபைக்கும் பங்கு உண்டு. ஆகவே அதை நீக்குவதிலும் நமக்குப் பொறுப்பு உண்டு.

பாலியல் நலம் என்றால் நோய் இல்லாதிருத்தல் மட்டும் அன்று. உடல், மனம், உறவு ஆகிய மூன்றிலும் ஒருவன் பாதுகாப்போடும் மரியாதையோடும் வாழ்வதையே உலக சுகாதார நிறுவனம் அச்சொல்லால் குறிக்கிறது. வற்புறுத்தலும் வன்முறையும் பாகுபாடும் இல்லாத நிலை அதற்கு அவசியம் என்றும் அது சொல்லுகிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஒரு மனிதனுடைய பாலியல் நலம் அவன் ஒருவனுடைய கையில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

சமுதாயத்தின் வெறுப்பு எவ்வாறு ஒருவனுடைய உடலுக்குள் இறங்குகிறது? தன் இயல்பை மறைத்து வாழ்கிறவன் பகலில், அறிந்தவர் நடுவில், தனக்கு ஏற்ற துணையைத் தேட முடியாது. இருட்டிலும் அவசரத்திலும் முகமறியாதவரைச் சந்திக்கிறான். அங்கே பெயர் கேட்கவும், பரிசோதனை செய்துகொண்டீரா என்று கேட்கவும், ஆணுறையை வற்புறுத்தவும் அவனுக்குத் துணிவு இருப்பதில்லை. அவனை மிரட்டிப் பணம் பறிக்கிறவர்கள் உண்டு; காவல் நிலையத்துக்குப் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அவன் வாய் திறப்பதில்லை. நோய் வந்தால் மருத்துவரிடமும் பாதி உண்மையே சொல்லுகிறான். தொண்டையிலும் ஆசனவாயிலும் வரும் தொற்றுகளை, நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவர் தேடிப் பார்ப்பது அரிது. எளிதில் குணமாகக்கூடிய சிபிலிஸ்கூட இவ்விதம் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-ஆம் ஆண்டில் இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். இகழப்படும் சிறுபான்மையினர், எல்லா மனிதருக்கும் உள்ள கவலைகளோடு, மறைத்து வாழ்வதன் பாரத்தையும், இகழ்ச்சியை எதிர்பார்த்தே வாழ்வதன் பாரத்தையும், அந்த இகழ்ச்சியைத் தாங்களே நம்பிவிடுவதன் பாரத்தையும் சுமக்கிறார்கள் என்றார். இருபாலீர்ப்புள்ள ஆணுக்கு இந்தப் பாரம் சற்று வேறுவிதமானது. ஒரு சாரார் அவனை ஒழுக்கமற்றவன் என்கிறார்கள். மறுசாரார் அவன் உண்மையைச் சொல்லத் துணியாதவன் என்கிறார்கள். இரண்டு கூட்டத்திலும் அவனுக்கு இடமில்லை.

நம் தேசத்தின் வரலாறு இதற்குச் சாட்சி. ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, ஆண்களுக்கு இடையிலான உறவுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க இடம் கொடுத்தது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகும் அந்தப் பிரிவு நீடித்தது. 2001-இல் லக்னோவில், இத்தகைய ஆண்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புச் செய்தியைக் கொண்டுசென்ற பணியாளர்கள் கைதுசெய்யப்பட்டு 47 நாட்கள் சிறையில் இருந்தார்கள். நோயைத் தடுக்கச் சென்றவரையே குற்றவாளி ஆக்கும் சட்டத்தின் கீழ், நோயுள்ளவன் எப்படி வெளியே வருவான்?

டெல்லி உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமே இதை எடுத்துரைத்தது. பொதுமக்களில் எச்.ஐ.வி. தொற்று 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் அது 8 சதவீதத்துக்கு மேல் இருப்பதையும், தண்டனைக்கு அஞ்சி அவர்கள் மறைந்து வாழ்வதால் தடுப்புப் பணி அவர்களை எட்டவில்லை என்பதையும் அரசின் நிறுவனமே சொன்னது. 2009-இல் அந்த நீதிமன்றம் அளித்த விடுதலையை 2013-இல் உச்சநீதிமன்றம் நீக்கியது; 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றமே அதைத் திரும்பவும் நிலைநாட்டியது. வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு இன்று குற்றமன்று. நீதிமன்றச் சுவர் இடிந்தது. வீட்டுச் சுவரோ பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கிறது.

வீட்டின் வலிமையை அறிய வெளிநாட்டு ஆய்வுகள் இரண்டைச் சொல்லுகிறேன். கலிபோர்னியாவில் கெயிட்லின் ரையன் குழுவினர் தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள இளைஞர்களை ஆராய்ந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குடும்பத்தாரால் கடுமையாக நிராகரிக்கப்பட்டோர், அவ்வாறு நிராகரிக்கப்படாதவர்களைக் காட்டிலும் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது 8 மடங்குக்கும் அதிகம். பாதுகாப்பற்ற உறவில் ஈடுபட்டதாகச் சொன்னது 3 மடங்குக்கும் அதிகம். பெற்றோரே, இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். மகனை ஒழுக்கத்தில் காக்கிறோம் என்று எண்ணி அவனை வீட்டைவிட்டுத் தள்ளுகிறவர்கள், அவனை ஆபத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

இரண்டாவது ஆய்வு மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே ஒருபாலர் திருமணம் சட்டமான அடுத்த 12 மாதங்களில் இவ்வகை ஆண்கள் மருத்துவ உதவிக்காக வந்த தடவைகள் குறைந்தன. துணையோடு வாழ்ந்தவர்களிடம் மட்டுமன்றி, தனித்து வாழ்ந்தவர்களிடமும் அவ்வாறே குறைந்தது. திருமணம் செய்துகொள்ளாதவனுக்கும் அந்த மாற்றம் மருந்தாகியிருக்கக்கூடும். அந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று வாதிட இதைச் சொல்லவில்லை. சூழ்ந்திருப்போரின் மனப்பான்மை உடலை எட்டுகிறது என்பதைக் காட்டவே சொல்லுகிறேன்.

இனி நம் குடும்பங்களில் நடப்பதைப் பேசுவோம். "ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. மகன் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னபின் அவசர அவசரமாகப் பெண் பார்க்கிற வீடுகள் உண்டு. இருபாலீர்ப்புள்ள ஒருவன் மனதார மணந்து உண்மையாய் வாழ்வது வேறு. பெண்கள்மேல் ஈர்ப்பே இல்லாத ஒருவனைப் பெற்றோரின் கண்ணீரால் நெருக்கி மணமேடைக்குக் கொண்டுவருவது வேறு. பின்னதில் அவனுடைய வாழ்வோடு ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வும் சேர்ந்து அழிகிறது. குறை தன்னிடத்தில்தான் என்று அவள் பல வருடம் தன்னையே நொந்துகொள்கிறாள். மறைவாக வந்த நோய் அவளையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் தொடக்கூடும். அவளும் ஒரு தாயின் மகள் என்பதை நாம் மறக்கலாகாது.

திருமணத்துக்கு அடுத்தபடியாக நாம் நாடுவது "மாற்றும்" ஜெபங்களையும் சிகிச்சைகளையும்தான். ஜெபத்தின் வல்லமையை நான் நம்புகிறேன். ஆனால் ஒருவனுடைய ஈர்ப்பை மாற்றுவோம் என்று வாக்களித்த ஊழியங்களின் கதையை நாம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கி அவ்வகை ஊழியங்களுக்குத் தலைமை வகித்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 2013-இல் தன் கதவுகளை மூடியது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தங்களால் புண்பட்டவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல், இவர்களை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்யும்படி உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மருத்துவருக்கே விலக்கப்பட்ட ஒன்றை உபவாசக் கூடத்தில் நாம் செய்யலாமா? ஜெபித்தும் மாறாதவன் தேவன் தன்னைக் கைவிட்டார் என்று முடிவுசெய்கிறான். அந்த முடிவுக்கு அவனைத் தள்ளுவது ஊழியம் ஆகாது.

"ஐயர் வேதவசனத்தைத் தள்ளிவிடுகிறாரோ?" என்று சிலர் கேட்பீர்கள். இந்த உறவுகளைக் குறித்த வேதபகுதிகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் உலகெங்கும் சபைகள் ஒருமனப்படவில்லை. நம் சபையிலும் மாறுபட்ட மனசாட்சிகள் உண்டு. அந்த ஆராய்ச்சியைப் பயபக்தியோடு தொடர்வோம். ஆனால் அது முடியும்வரை ஒருவனுடைய நோய் காத்திருக்காது. எந்தப் பொருள்கோளை ஏற்றாலும், ஒருவனைப் பொய்க்கும் இருளுக்கும் துரத்த நமக்கு உரிமை இல்லை. சுமக்கமுடியாத சுமைகளைப் பிறர் தோளில் வைத்துவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டதை மத்தேயு 23-இல் வாசிக்கிறோம்.

ஏசாயா 56-ஆம் அதிகாரத்தையும் இந்த வாரம் வாசியுங்கள். நியாயப்பிரமாணம் சபைக்குப் புறம்பே நிறுத்திய அண்ணகர்களுக்குத் தேவன் தம் ஆலயத்துக்குள்ளே இடத்தையும் நிலையான பெயரையும் அங்கே வாக்களிக்கிறார். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய அண்ணகனுடைய இரதத்தில் பிலிப்பு ஏறி, அருகில் அமர்ந்து, அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அண்ணகர்களும் இன்று நாம் பேசும் ஆண்களும் ஒரே வகையினர் என்று நான் சொல்லவில்லை. புறம்பே நிறுத்தப்பட்டவனிடத்தில் தேவன் நடந்துகொண்ட விதத்தையே சுட்டிக்காட்டுகிறேன்.

நம் சபை செய்யவேண்டியவை சில உண்டு. திருமண ஓலை வாசிக்குமுன், மணமகனோடும் மணமகளோடும் பெற்றோர் உடனில்லாமல் தனித்தனியே ஆயர் பேசவேண்டும். திருமண ஆராதனையில் நாம் இருவரிடமும் சம்மதம் கேட்கிறோம். அச்சத்தால் சொல்லப்பட்ட சம்மதம் சம்மதமாகாது. ஒருவன் இரகசியமாகச் சொன்னது ஜெபக் குறிப்பாக மாறி ஊர் சுற்றக்கூடாது. மகன் உண்மையைச் சொல்லும் நாளில், பெற்றோரே, முதல் வார்த்தையாக "நீ எங்கள் பிள்ளைதான்" என்று சொல்லுங்கள்; உங்கள் கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டின் சட்டம் அந்த இரகசியத்தைக் காக்கிறது. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக அளிக்கிறது. தாம்பரம் மருத்துவமனை அதைத் தொடங்கிய முதல் மையங்களுள் ஒன்று. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்று பரவாது. ஐயங்களுக்கு 1097 என்ற எண்ணையும், மனம் தளர்ந்தால் 14416 என்ற எண்ணையும் அழையுங்கள். என்னிடம் வர விரும்பினால் ஆயர் இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். உங்களை மாற்றுவதற்காக அல்ல, உங்களுக்குச் செவிகொடுப்பதற்காகக் காத்திருப்பேன்.

ஜெபிப்போம். இருதயங்களை அறிந்திருக்கிற தேவனே, எங்கள் நடுவில் பயத்தோடு அமர்ந்திருக்கிற பிள்ளைகளை நீர் பெயர்பெயராக அறிந்திருக்கிறீர். எங்கள் வீடுகள் அவர்கள் உண்மை பேசும் இடமாகவும், எங்கள் சபை அவர்கள் சுகமாய்த் தங்கும் இடமாகவும் இருக்க அருள்செய்யும். ஆமென்.