ஐந்தா, மூன்றா?

மலேசியாவில் 2021 ஏப்ரலில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். ரத்தானது, அடுத்த ஆண்டே மூன்றாம் படிவத் தேர்வான பிடி3-உம் போனது. இப்போது, ஜொகூரின் எழுபதளவிலான தமிழ்ப்பள்ளிகளில் ஒரு பிள்ளை ஒன்று முதல் ஆறு வரை எந்த அடைவு நிலையில் இருக்கிறது என்பதைப் பாட ஆசிரியரே முடிவு செய்கிறார். தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்று ஓயாமல் விவாதிக்கிறோம். ஆசிரியர் போட்ட எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று மட்டும் கேட்பதில்லை.

ஒரு கட்டுரையில் கருத்து வளம் இருக்கிறது, நடையும் தடையின்றி ஓடுகிறது. ஆனால் ‘மழை’ எல்லா இடத்திலும் ‘மளை’தான். கருத்தைப் பெரிதாக மதிக்கும் ஆசிரியர் 5 போடுவார். எழுத்துப்பிழையைப் பொறுக்காதவர் 3 போடுவார். இருவரும் நேர்மையானவர்களே. தாள் யார் கையில் சிக்கியது என்பதைப் பொறுத்துப் பிள்ளையின் நிலை மாறிவிடுகிறது.

இந்த முரண்பாட்டை அளக்க முடியும். ஜேக்கப் கோஹென் 1960இல் தந்த ‘கப்பா’ என்ற அளவு இதற்கென்றே இருக்கிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 40 கட்டுரைகளை இரு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்துகிறார்கள்; 26இல் ஒரே நிலை. 65 விழுக்காடு, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இருவருமே பாதிக்கு 3, பாதிக்கு 4 என்று போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 20 அளவில் ஒத்துப்போயிருக்கும். மீதி 20இல் உண்மையாக எட்டியது 6 மட்டுமே. கப்பா 0.30. ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்ய இது போதாது.

அதற்காகப் பழைய தேர்வே மேல் என்று சொல்லமாட்டேன். ஒரே நாளில் எழுதிய ஒரே கட்டுரையும் ஆட்டங்காணும் அளவுதான். ஸ்பியர்மேனும் பிரவுனும் 1910இல் தனித்தனியே வெளியிட்ட சூத்திரப்படி, ஒரு கட்டுரையின் நம்பகத்தன்மை 0.5 என்றால், அதே தரத்து நான்கின் சராசரிக்கு அது 0.8 ஆகும். ஆண்டு முழுவதும் கவனிக்கும் வகுப்பறை மதிப்பீட்டின் பலம் இதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். ‘இவன் கெட்டிக்காரன்’ என்று ஆண்டுத் தொடக்கத்தில் விழுந்த முத்திரையே நான்கு முறையும் எண்ணைத் தீர்மானித்தால், நான்கு மதிப்பீடும் ஒன்றுதான்.

குளுவாங்கில் ஒரு பள்ளியும் மூவாரில் ஒரு பள்ளியும் ஆண்டுக்கொருமுறை, பெயரை மறைத்துத் தாள்களை மாற்றித் திருத்திப் பார்க்கலாம். பெரிய செலவில்லை. மலாய்மொழித் தாள்களை முதலில் எடுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியை முடிக்கும் பிள்ளை நேரே முதலாம் படிவம் போகிறதா, புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக அமர்கிறதா என்பதில் மலாய்மொழி அடைவுக்குப் பங்குண்டு. அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் ஒவ்வொரு தாளையும், முதலாமவர் போட்ட எண்ணைப் பார்க்காத இன்னோர் ஆசிரியர் திருத்தியாக வேண்டும்.