பனித்துளியைப் பருகும் பிராணி



கொள்கை மாறுபவனைப் பச்சோந்தி என்று ஏசுவது நம் வழக்கம். ஆனால் அந்தப் பிராணியை வளர்ப்பவருக்கு அதன் நிறத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அதுவே தண்ணீர்.

நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதைப் பிடிப்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் குற்றமாகும். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஏமன் பச்சோந்தி போன்ற அயல்நாட்டு இனங்களைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர் பலர். அங்கே குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளும் அதற்கு ஆசைப்படக்கூடும். சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில் வாழும் அத்தகைய பெற்றோரை மனத்திற்கொண்டே இம்மாதம் எழுதுகிறோம்.

நாயும் பூனையும் கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்கும். பச்சோந்தியோ மரக்கிளையில் வாழப் பிறந்தது. அசையாமல் நிற்கும் தண்ணீரைப் பெரும்பாலும் அது கண்டுகொள்வதில்லை. இலையில் திரண்டு ஒளிபட்டு மின்னும் துளியைக் கண்டால்தான் அருகில் சென்று நாவால் நக்கிக் குடிக்கும். ஆகவே கிண்ணம் நிறைந்திருக்க, அதன் பக்கத்திலேயே பச்சோந்தி தாகத்தால் வாடுவதும் உண்டு. இது முதல் தவறு.

இதைக் கேள்வியுற்றுப் பதறும் சிலர், நாள் முழுவதும் தண்ணீரைத் தெளித்துக் கூண்டை ஓயாத ஈரத்தில் வைக்கிறார்கள். இது இரண்டாவது தவறு; முதல் தவறுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. வெப்பமும் ஈரமும் சேர்ந்து, காற்றோட்டமும் இல்லாவிட்டால், கிருமிகளும் பூஞ்சணமும் செழித்து வளரும். பிராணிக்கு நுரையீரல் நோய் உண்டாகும். தாகமும் கொல்லும், ஓயாத ஈரமும் கொல்லும் என்றால் நடுவழி எது?

அதன் தாயகமே அதற்கு விடை கூறுகிறது. ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் உள்ள மலைச்சரிவுகளில் இந்த இனம் வாழ்கிறது. அங்கே பகலில் வெயில் காயும், காற்று உலர்ந்திருக்கும். இரவில் குளிர்ந்து, காற்றில் ஈரம் ஏறி, விடியலில் இலைகளில் பனி படியும். இரவில் ஈரக்காற்றைச் சுவாசித்து, காலையில் பனித்துளியைப் பருகி, பகலில் உலர்ந்திருப்பதே அதன் வாழ்க்கை. இந்த ஒழுங்கைக் கூண்டிலும் அமைத்துக் கொடுப்பதே வளர்ப்பவரின் கடமை.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. விளக்குகள் எரியத் தொடங்குமுன் விடியற்காலையில் இரண்டு நிமிடமும், இரவில் விளக்கணைந்த பின் இரண்டு நிமிடமும் இலைகள் நனையும்படி தண்ணீரைத் தெளிக்கவேண்டும். பிராணியின் முகத்தில் நேராகப் பீய்ச்சலாகாது. நண்பகலில் தாகத்துக்கென்று, சிறு துளையிட்ட பாத்திரத்தைக் கூண்டின் மேல் வைத்து, இலைகளின்மீது சொட்டுச் சொட்டாக விழச் செய்யலாம். வழியும் நீரை ஏந்தக் கீழே ஒரு தட்டு இருக்கவேண்டும். அதில் தேங்கியதை அன்றன்றே கொட்டிவிடவேண்டும். மணி பிளாண்ட், செம்பருத்தி ஆகிய உயிருள்ள செடிகள் கூண்டில் இருப்பது நலம். அவை துளியையும் ஏந்தும், நிழலையும் தரும்.

ஈரமானி ஒன்றும் வெப்பமானி ஒன்றும் வாங்கி மாட்டுங்கள். ஏமன் பச்சோந்திக்குப் பகலில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் வரை போதும். இரவில் அது 80 சதவீதத்துக்கு மேல் ஏறலாம். இரவில் மூடுபனி உண்டாக்கும் கருவியை வைப்போர், அறையின் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிய பின்னரே அதை இயக்கவேண்டும். கருவியின் தொட்டியில் பழைய நீர் தங்கினால் அதுவே கிருமிகளின் இருப்பிடமாகிவிடும். அடிக்கடி கழுவுவது இன்றியமையாதது. கம்பி வலைக் கூண்டே காற்றோட்டத்துக்கு உகந்தது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் நாடுகளில் உள்காற்று மிகவும் வறண்டுவிடும். அப்போது கூண்டின் இரு பக்கங்களைப் பிளாஸ்டிக் தாளால் மறைத்தால் ஈரம் சற்றே தங்கும்.

வாயில்லாப் பிராணி தன் குறையை எவ்வாறு சொல்லும்? எச்சத்தைக் கவனியுங்கள். அதன் வெண்பகுதி வெண்மையாகவே இருந்தால் தண்ணீர் போதுமானது. ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தால், கண்கள் குழி விழுந்திருந்தால், அது தாகத்தின் அடையாளம். வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கி மூச்சு வாங்கினாலோ, வாயோரம் நுரை தள்ளினாலோ நுரையீரல் பழுதுபட்டிருக்கலாம். தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

1972-ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே நினைக்கத்தக்கது. ஹவாயின் ஓவாஹு தீவில் வணிகர் ஒருவர், கென்யாவிலிருந்து மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்திகள் சிலவற்றை வரவழைத்தார். நெடும்பயணத்தில் அவை மெலிந்து, உடலில் நீர் வற்றி வந்து சேர்ந்தன. தேறட்டும் என்று இரங்கி, அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அடிக்கடி மழை பெய்யும் பகுதி அது. நனைந்த இலையும், வீசும் காற்றும், திறந்த வெளியும் அங்கே கிடைத்தன. அவை பிழைத்துப் பெருகி, தோட்டத்தைக் கடந்து பரவின. இன்று அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் அரிய நத்தைகளையும் அவற்றின் சந்ததி தின்று வருகிறது. இரக்கம் மெய்யானதுதான், விளைவோ வேறு. ஆகவே வளர்க்க இயலாது போனாலும் வெளியில் விட்டுவிடாதீர்கள். பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கும்போது, "நாள்தோறும் விடியலில் எழுந்து இலைகளை நனைப்பாயா? தட்டைக் கழுவுவாயா?" என்று முதலில் கேளுங்கள். சில வாரங்கள் ஒரு செடிக்கு அவ்வாறு செய்து காட்டச் சொல்லுங்கள். அதில் தவறாத பிள்ளையின் கையில் ஓர் உயிரை நம்பிக் கொடுக்கலாம். தவறினால், செடியோடு நிற்பதே அனைவருக்கும் நலம்.