வால்வை மாற்றும் முன்

வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் கரகரத்ததும் புது வால்வு செட் வாங்க ஓடுவது தவறு என்பேன். பழுது எங்கே என்று தெரியாமலே பணத்தைக் கொட்டும் வேலை அது. இரு பக்கத்துக்கும் தனித்தனி வால்வு இருந்தால், அணைத்து, ஆறவிட்டு, 12ஏஎக்ஸ்7 போன்ற சின்ன வால்வுகளை இடம் மாற்றிப் போடுங்கள். கரகரப்பும் கூடவே பக்கம் மாறினால் பழுது வால்வில்தான். மாறாமல் அங்கேயே நின்றால் சாக்கெட், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்று தேட வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த மெக்கானிக்கும் விலை சொல்லக் கூடாது. வால்வின் உச்சியில் உள்ள வெள்ளிநிறப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் சோதனையே வேண்டாம். உள்ளே காற்று புகுந்துவிட்டது.

இஎல்34 போன்ற பவர் வால்வின் உள்தகடு சிவந்து கனன்றால் நிலைமை வேறு. அந்த நொடியே அணைத்துவிடுங்கள். முந்தைய கட்டத்திலிருந்து ஒலியைக் கடத்தும் கெப்பாசிட்டர் கசிந்தாலே போதும், கிரிட்டுக்குரிய நெகட்டிவ் வோல்டேஜ் குலைந்து வால்வுக்குள் மின்சாரம் கட்டுமீறிப் பாயும். அதைச் சரிசெய்யாமல் மாட்டும் புது வால்வும் எரியும்! கெப்பாசிட்டரைச் சரிசெய்ய ஆம்ப்ளிஃபயரைத் திறந்தாக வேண்டும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். அந்த வேலையை, கெப்பாசிட்டரை வடித்து, மீட்டரில் அளந்து பார்த்த பிறகே கைவைப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.