சாவிக்கொத்தை முழுசா கொடுக்காதீங்க!



எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் இணையப் பக்கம் மட்டும்தான் செய்யலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. அதே பக்கத்தை 'எலக்ட்ரான்' என்ற கட்டமைப்பில் போட்டால் கணினியில் தனி மென்பொருளாகவே ஓடும். 2013-ல் 'ஆட்டம்' எடிட்டருக்காக கிட்ஹப் நிறுவனத்தில் பிறந்தது இது. 2015-ல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. நம் லேபில் உள்ள வி.எஸ். கோடு கூட இதில் செய்ததுதான்.

பிரவுசருக்குள் இருக்கும் பக்கம் விருந்தாளி மாதிரி. நாம் எடுத்துக் கொடுக்காத கோப்பை அது தொடாது. எலக்ட்ரானுக்குள் குரோமியம் பிரவுசரோடு நோட்.ஜே.எஸ்.ஸும் இருக்கிறது. அதனால் அந்த விருந்தாளிக்கு வீட்டுச் சாவியே கிடைத்துவிடும். கோப்பைத் திறக்கலாம், சேமிக்கலாம், அழிக்கவும் செய்யலாம்!

நம் நூலகத்துக்காக நான் இப்படி ஒரு புத்தகப் பதிவேடு செய்தேன். இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்தது. நூலக மிஸ்ஸுக்கு ரொம்ப சந்தோஷம். மூன்று வாரம் கழித்து என் நண்பன் விளையாட்டாக, புத்தகத்தின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கட்டளையை எழுதிவிட்டான். பட்டியலைத் திறந்ததும் அந்தக் கட்டளை ஓடி, பதிவேட்டுக் கோப்பே காணாமல் போச்சு!

"டேய், நான் சும்மாதான்டா டைப் பண்ணேன்" என்று அழாத குறையாக நின்றான். அவனைத் திட்டி என்ன பயன்? தப்பு என்னுடையது. பக்கத்துக்கு நோட்.ஜே.எஸ். சக்தி முழுவதையும் தரும் வசதியை எலக்ட்ரான்காரர்கள் 2019-லேயே இயல்பாக மூடி வைத்துவிட்டார்கள். பக்கத்தைத் தனியாகப் பிரித்து வைக்கும் காவலும் 2021 முதல் இயல்பாகவே உண்டு. பழைய பாடம் ஒன்றைப் பார்த்து எழுதிய நான்தான் ஒன்றைத் திறந்து, மற்றதை நிறுத்திவிட்டேன். கட்டத்தில் எழுதியதைச் சோதிக்காமல் அப்படியே திரையில் காட்டியது இன்னொரு தப்பு.

நல்லவேளை, மிஸ் பழைய நோட்டிலும் விடாமல் எழுதி வந்தார்கள். "கம்ப்யூட்டர் வந்தாலும் நோட்டை விடக்கூடாதுப்பா" என்று சிரித்தார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இப்போது திருத்திவிட்டேன். நடுவில் 'ப்ரீலோட்' என்ற சின்னக் கோப்பு வாசல்காரர் போல நிற்கிறது. பக்கம் அவரிடம் இரண்டே வேலைதான் கேட்கலாம்: பதிவைச் சேமி, ரசீதை அச்சடி. 'அழி' என்று கேட்க வழியே இல்லை.

"இவ்வளவு பயம் எதுக்கு? பள்ளிக்கூட புரோகிராம்தானே?" என்று சிலர் கேட்கலாம். அது சின்னதுதான். ஆனால் அதை நம்பி ஒருவர் மூன்று வாரம் உழைத்திருக்கிறாரே! வசதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வேலைக்கு எந்தச் சாவியோ அதை மட்டும் கொடுப்போம் என்கிறேன்.



– 12-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்