கயிற்றுக்குப் பயந்தவன் யார்?

ஒரு பெண்ணைச் சிதைத்துக் கொன்ற கொடூரம் நடந்துவிட்டால் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே தீர்ப்புதான்: "நாலு பேரைத் தூக்குல போட்டாத்தான் அஞ்சாவது ஆளுக்குப் பயம் வரும்." இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். செத்துப்போன பெண்ணுக்காக வயிறு எரிந்து பேசுகிறார்கள். எரிச்சல் நியாயமானது. ஆனால் அந்த வாக்கியம் பொய். ஊரே சொல்லிச் சொல்லி மெய்போல் ஆகிவிட்ட பொய்.

தூக்குக்கு மனிதன் பயப்படுகிறானா என்று யாரைக் கேட்கலாம்? தீர்ப்பு எழுதும் நீதிபதி தூக்கு மேடையில் நிற்பதில்லை. கருணை மனுவைத் தள்ளுபவரும் அந்தப் பக்கம் வருவதில்லை. கயிற்றை மாட்டியவரைக் கேட்பதே முறை.

இங்கிலாந்தில் ஆல்பர்ட் பியர்பாயிண்ட் என்றொரு தூக்குப் போடுபவர் இருந்தார். அப்பாவும் பெரியப்பாவும் அதே வேலை பார்த்தவர்கள். 1932-இல் உதவியாளராகச் சேர்ந்து, 1941 முதல் முன்னின்று நடத்தி, 1956-இல் விலகும்வரை 400-க்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார். போருக்குப் பின் தூக்கிலிடப்பட்ட சுமார் 200 போர்க்குற்றவாளிகளும் அதில் அடக்கம். மாதச் சம்பளம் கிடையாது. ஒரு தூக்குக்கு இவ்வளவு என்று கூலி. மற்ற நாட்களில் மான்செஸ்டர் பக்கம் ஒரு மதுக்கடை நடத்திப் பிழைத்தார்.

வேலையில் கெட்டிக்காரர். முந்தின நாளே சிறைக்கு வந்து, கதவுத் துளை வழியாகக் கைதியை நோட்டம் விடுவார். எடையையும் உடல்வாகையும் வைத்து, ஆள் எத்தனை அடி விழவேண்டும் என்று கணக்குப் போடுவார். அடி குறைந்தால் மூச்சுத் திணறிச் சாவான். கூடினால் தலையே அறுந்துபோகும். மணல் மூட்டையை இரவு முழுக்கக் கயிற்றில் தொங்கவிட்டுக் கயிற்றின் இளக்கத்தை எடுத்துவிடுவார். காலையில் கைதியின் கைகளைப் பின்னால் கட்டுவது, பக்கத்து அறைக்கு நடத்திப்போவது, சுண்ணக்கட்டியால் குறித்த இடத்தில் நிறுத்துவது, முகத்தில் வெள்ளை உறை, கழுத்தில் சுருக்கு, நெம்புகோல். எல்லாம் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அவருடைய கடைக்கு வாடிக்கையாக வந்தவர் ஜேம்ஸ் கார்பிட். இருவரும் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள். சேர்ந்து பாட்டுப் பாடுவார்கள். 1950-இல் கார்பிட் பொறாமை வெறியில் தன் காதலியைக் கழுத்தை நெரித்துக் கொன்றார். அந்த ஆண்டு நவம்பரில், மான்செஸ்டர் ஸ்டிரேஞ்ச்வேஸ் சிறையில், பியர்பாயிண்ட் கையாலேயே செத்தார். கடைசிக் காலையிலும் அந்தச் செல்லப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தூக்கு என்றால் என்னவென்று கேள்விப்பட்டு மட்டும் அறிந்தவர் அல்லர் கார்பிட். தூக்குப் போடுபவரின் தோளில் கைபோட்டுப் பாடியவர். கொலை செய்தால் தன் கழுத்தில் கயிறு மாட்டப்போகும் கை எது என்றே அவருக்குத் தெரியும். அந்தப் பயம் ஒருவரைத் தடுக்கும் என்றால் முதலில் அவரைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

1974-இல் வந்த சுயசரிதையில், தான் நிறைவேற்றிய தூக்குகள் ஒரு கொலையையும் தடுத்ததாகத் தெரியவில்லை, பழிதீர்த்ததைத் தவிர அவற்றால் ஒரு பயனும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார் பியர்பாயிண்ட். பின்னாளில் பேட்டியில் கொஞ்சம் தடுமாறினார் என்று எதிர்த்தரப்பினர் சுட்டிக்காட்டுவதுண்டு. தடுமாறட்டும். அவர் கருத்து மாறலாம். கார்பிட்டின் கதை மாறாது.

"வெள்ளைக்காரன் கதை நமக்கெதற்கு?" என்பார்கள். கொல்கத்தாவுக்கு வாருங்கள். பள்ளி மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட தனஞ்சய் சாட்டர்ஜியை 2004 ஆகஸ்ட் 14-ஆம் தேதி அலிப்பூர் சிறையில் நாட்டா மல்லிக் தூக்கிலிட்டார். நாடே அதைப் பற்றித்தான் பேசியது. தூக்குக் கயிற்றின் துண்டுகளைத் தாயத்தாகக் கட்டிக்கொள்ளக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று அப்போது செய்தி வந்தது. ஊரை நடுங்கவைக்க வேண்டிய கயிறு அதிர்ஷ்டச் சாமானாகப் போயிற்று. இருபது ஆண்டு நிறைவடைய ஐந்து நாள் இருக்கும்போது, 2024 ஆகஸ்ட் 9 அன்று, அதே நகரத்தின் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தண்டிக்கப்பட்டவர் காவல்துறையோடு ஒட்டி வேலை பார்த்த தன்னார்வலர். சட்டம் தெரியாத ஆள் என்று சொல்ல வழியில்லை.

"நாலு சுவருக்குள் போட்டால் எப்படிப் பயம் வரும்? நடுரோட்டில் போடணும்" என்பது அடுத்த வாதம். இங்கிலாந்தில் 1868 வரை அப்படித்தான் போட்டார்கள். பிக்பாக்கெட்டுக்கே தூக்கு என்று சட்டம் இருந்த காலத்தில், தூக்கு பார்க்கத் திரண்ட கூட்டத்தில்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு நல்ல வேட்டை.

பயம் வராவிட்டாலும் போகட்டும், நியாயமாவது கிடைக்கிறதே என்பவர்கள் டிமோதி இவான்ஸ் வழக்கைப் படிக்க வேண்டும். மனைவியும் குழந்தையும் கொல்லப்பட்டிருந்தார்கள். குழந்தையைக் கொன்றதாக 1950 மார்ச்சில் இவான்ஸைத் தூக்கிலிட்டார் பியர்பாயிண்ட். அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி, அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று ஆண்டு கழித்து அந்த வீட்டிலிருந்து பெண்களின் பிணங்களாக வெளிவந்தன. கிறிஸ்டியையும் பியர்பாயிண்ட்தான் தூக்கிலிட்டார். 1966-இல் இவான்ஸுக்கு மன்னிப்பு அறிவித்தார்கள், செத்த பிறகு. தூக்கிலிட்டவர் கணக்கில் பிழையில்லை. கயிறு சரியாகவே இறங்கியது. தீர்ப்புதான் தப்பு.

அப்படியானால் குற்றவாளி எதற்குப் பயப்படுகிறான்? மாட்டிக்கொள்வோம் என்பதற்கு. கொலைவெறியில் இருப்பவன் தண்டனையின் அளவை எடைபோடுவதில்லை. நிதானமாகத் திட்டமிடுபவன் தப்பித்துவிடலாம் என்று நம்பியே இறங்குகிறான். அந்த நம்பிக்கையை நம்முடைய நீதிமன்றங்கள் பொய்யாக்குவதும் இல்லை. இந்தியாவில் தீர்ப்பு வரை போகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில், தண்டனையில் முடிபவை 2022-இல் நூற்றுக்கு முப்பதுகூட இல்லை. டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு, 2013-இல், இக்குற்றத்துக்கு மரண தண்டனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. போலீஸும் வழக்கு நடைமுறையும் சீராக வேண்டும் என்றது. வேண்டாம் என்ற தூக்கு சில பிரிவுகளில் சட்டமானது. வேண்டும் என்ற சீர்திருத்தம் பெரும்பகுதி காகிதத்திலேயே நிற்கிறது.

ஏன் என்று கேட்டால் விடை சுலபம். தடய ஆய்வகம் கட்டக் காசு வேண்டும். நீதிபதிப் பணியிடத்தை நிரப்ப மனசு வேண்டும். புகார் வாங்காமல் அலைக்கழித்த இன்ஸ்பெக்டர் மேல் கைவைக்கத் துணிச்சல் வேண்டும். தூக்குத் தண்டனை மசோதாவுக்கு இது எதுவும் தேவையில்லை. சட்டசபையில் ஒருநாள் போதும். ஆர்.ஜி.கர் சம்பவம் நடந்து ஒரு மாதம் முடியும் முன்பே மேற்கு வங்கச் சட்டசபை அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. நாம் தூக்கு கேட்கிற ஒவ்வொரு முறையும் ஆள்பவர்களுக்குக் கிடைப்பது இந்தச் செலவில்லாத கைதட்டல்.

ஆகவே கோபப்படுவோம்; ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்போம். புகார் எந்தத் தேதியில் பதிவானது, தடய அறிக்கை எப்போது வந்தது, சாட்சியை மிரட்டியது யார், விசாரணை எத்தனை முறை தள்ளிப்போனது என்று கேட்போம். கயிறு கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் சொல்லத் திணறுவார்கள்.