தேக்கும் தச்சரும்

பிரித்தானியக் கடற்படையின் வலிமை பிரித்தானியக் கட்டுந்துறைகளிலேயே உருவாயிற்று எனக் கூறுவோர் இன்றும் உளர். நம் திருகோணமலையின் பெயர்தாங்கிய போர்க்கப்பல் எங்கே கட்டப்பட்டது? பம்பாயில், 1817இல், பார்சி இனத்தவரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில். ஓக்மரக் கப்பல்கள் பல உளுத்தொழிந்த பின்னரும் அத் தேக்குமரக் கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதக்கின்றது. 1842இல் நான்கிங் உடன்படிக்கையிற் சீனாவைக் கையொப்பமிட வைத்ததும், அதே பம்பாயிற் கட்டிய 'கோர்ன்வாலிஸ்' கப்பலிலேயே. அடிமைப்பட்ட நாட்டின் கைத்திறனே மற்றோர் ஆசிய நாட்டைப் பணியவைக்கும் கருவியாயிற்று; இக்கொடுமையை மறைத்துக் கப்பலின் அழகை மட்டும் வியப்பது தகுமா? வாடியாவின் பெயராவது எஞ்சியது. மரமறுத்தோர், இரும்படித்தோர், பலகைகளின் இடுக்கடைத்தோர் பெயர்கள் எங்கே? கப்பலைப் பேணுவோர் அவற்றையுந் தேடட்டும்.